ஒன்றைப் பெற ஒன்றை விடுதல்

அங்கத்தினர் கல்விப் பகுதி: நெசவு வடிவமைப்பில் வாடிக்கைக்காரருக்கு விளக்கிச் சொல்லும் முறை

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் படியேறி வரும் வாடிக்கைக்காரர் பெரும்பாலும் நான்கு விஷயங்களை ஒருங்கே கேட்கிறார். துணி நயமாக இருக்க வேண்டும். விலை குறைவாக இருக்க வேண்டும். சாயம் போகாமல் நிற்க வேண்டும். சரக்கு விரைவில் கைக்கு வர வேண்டும். இந்நான்கும் தனித்தனியே நியாயமான விருப்பங்களே. ஆனால் ஒன்றைக் கூட்டும்போது மற்றொன்று குறையும் என்பது தறியில் உட்கார்ந்தவர்க்குத் தெரியும். கடையில் உட்கார்ந்தவர்க்குத் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவருக்கு அதனை எவ்வாறு எடுத்துச் சொல்வது என்பதே இந்தப் பாடத்தின் பொருள்.

இத்தகைய கோரிக்கைக்கு நமது சங்கங்களில் இரு விதமான விடைகள் வழங்குகின்றன. "ஆகட்டும்" என்று சொல்லி ஆர்டரை எழுதிக்கொள்வது ஒன்று. "இந்த விலைக்கு ஆகாது" என்று அனுப்பிவிடுவது மற்றொன்று. முதல் விடையால் சங்கத்துக்குப் பின்னர் பழி வந்து சேருகிறது. இரண்டாவது விடையால் தறி சும்மா கிடக்கிறது. இவற்றுக்கு நடுவே மூன்றாவது வழி ஒன்றுண்டு. எதைப் பெறுவதற்கு எதை விட வேண்டியிருக்கிறது என்பதைக் கணக்கோடு எடுத்துக் காட்டி, தெரிந்தெடுக்கும் பொறுப்பை வாடிக்கைக்காரரிடமே ஒப்புவிப்பதாகும் அது.

இதில் நமக்குள்ள அக்கறை வெறும் மரியாதையைப் பற்றியது மட்டுமன்று. சொல்லாமல் விட்ட இழப்பு மறைந்துபோவதில்லை. அது எவர் தலையிலேனும் வந்து இறங்கியே தீரும். விலையைப் பேசி முடித்த பிறகு, கேட்ட நயத்துக்கு ஊடை இழைகள் கூடுதலாக வேண்டும் என்று தெரியவருகிறதென வைத்துக்கொள்வோம். அப்போது சங்கத்துக்கு இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, இழையைக் குறைத்து வாடிக்கைக்காரரை ஏமாற்றுவது. மற்றொன்று, பழைய உருப்படிக் கூலிக்கே அதிக வேலையை நெசவாளரிடம் வாங்குவது. முன்னதைச் செய்தால் சரக்கு திரும்பி வரும், தேங்கும், தள்ளுபடி விலையில் போகும், ஆண்டு முடிவில் அங்கத்தினரின் பங்காதாயம் குறையும். பின்னதைச் செய்தால் அன்றைக்கே கூலி குறைந்ததாகப் பொருள். இரு வழியிலும் இழப்பவர் நெசவாளரே. ஆகவே விளக்கிச் சொல்லும் வேலை கூலியைக் காக்கும் வேலையே என்பதை அங்கத்தினர் மனத்தில் இருத்த வேண்டும்.

இனி, நமது தொழிலில் அடிக்கடி நேரும் சில கொடுக்கல் வாங்கல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. நூலின் நம்பரும் இழையின் நெருக்கமும்

ஓர் இராத்தல் (சுமார் 454 கிராம்) பருத்தி நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டாக்கள் எத்தனை அடங்குமோ, அந்த எண்ணிக்கையே நூலின் நம்பர் என்பதை யாவரும் அறிவர். 60-ஆம் நம்பர் நூல் ஓர் இராத்தலுக்கு 50,400 கெஜம் ஓடும். 80-ஆம் நம்பர் 67,200 கெஜம் ஓடும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

"80-ஆம் நம்பரில் கொடுங்கள், மற்றதெல்லாம் 60-ஆம் நம்பர்ச் சேலை போலவே இருக்கட்டும்" என்று ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். 48 அங்குல அகலமும் 6 கெஜ நீளமும் உடைய சேலை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்குலத்துக்குப் பாவு 60, ஊடை 60 என்றால், பாவு இழைகள் 2,880. அவற்றின் மொத்த நீளம் 17,280 கெஜம். ஊடை இழைகள் 12,960. அவற்றின் நீளமும் அதே 17,280 கெஜம். ஆக 34,560 கெஜ நூல். கழிவையும் நெசவின் சுருக்கத்தையும் சேர்க்காமல் பார்த்தால், 60-ஆம் நம்பரில் இதன் எடை சுமார் 311 கிராம். 80-ஆம் நம்பரில் சுமார் 233 கிராம்.

எடை குறைந்தது என்று வாடிக்கைக்காரர் மகிழலாம். ஆனால் மெல்லிய இழை அதே இடைவெளியில் நின்றால் துணியில் சந்து விழும். வலை போல நெகிழும். தையலிடத்தில் இழை விலகும். முன்பிருந்த மூடல் கிடைக்க வேண்டுமாயின், 80-ஆம் நம்பருக்கு அங்குலத்துக்குச் சுமார் 70 இழையாவது தேவை. பாவும் ஊடையும் 72 என்று வைத்தால், நூல் 41,472 கெஜமாகி எடை சுமார் 280 கிராமாகிறது. ஊடை எறிதல் 12,960-இலிருந்து 15,552-ஆக உயருகிறது. அதாவது ஒரு சேலைக்கு 2,592 ஊடைகள் அதிகம். நிமிடத்துக்கு 40 ஊடை வீதம் இடைவிடாது எறிவதாகக் கணக்கிட்டாலும் 65 நிமிட வேலை கூடுகிறது. நடுவில் இழை அறுந்து முடிவதும், தார் மாற்றுவதும் இக்கணக்கில் சேரவில்லை.

வாடிக்கைக்காரரிடம் இந்த எண்களையெல்லாம் ஒப்பிக்க வேண்டுவதில்லை. "துணி மெலிந்து பளபளப்புக் கூடும், அதற்கு ஐந்தில் ஒரு பங்கு நெசவு வேலை கூடும், நெருக்கத்தைக் கூட்டாமல் நூலை மட்டும் மாற்றினால் துணி நெகிழும்" என்னும் மூன்று வாக்கியங்கள் போதும். எண்கள் நம் கையில் இருக்க வேண்டியது, அவர் "ஏன்?" என்று கேட்கும்போது தடுமாறாமல் விடை சொல்வதற்காக.

பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர்க்கும் இந்தக் கணக்கு புதிதன்று. மெல்லிய நூல் வேண்டுமானால் நீண்ட இழைப் பருத்தி வேண்டும். 1974-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் வெளியிடப்பட்ட சுவின் இரகம் இதற்கு நல்ல சான்று. சுஜாதா என்னும் இரகத்தையும், மேற்கிந்தியத் தீவுகளின் செயிண்ட் வின்சென்ட் இரகத்தையும் இணைத்து உருவாக்கப்பட்ட இப்பருத்தி, 100-ஆம் நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கும் இடங்கொடுக்கும் மிக நீண்ட இழை உடையது. ஆனால் அது நீண்ட நாள் வயலில் நிற்க வேண்டும். பூச்சிக்கு எளிதில் ஆட்படும். ஏக்கருக்குக் கிடைக்கும் விளைச்சலும் குறைவு. அதை விதைக்கும் விவசாயி, அளவை விட்டுத் தரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். பஞ்சு வாங்குபவர் இந்த உண்மையை அறிந்து விலை கொடுத்தால் அந்தத் தேர்வு நிலைக்கும். அறியாதபோது விவசாயி வேறு இரகத்துக்குப் போய்விடுவார். வயலுக்கு உரிய இந்த நீதி தறிக்கும் உரியது.

2. பூவேலையும் ஜக்கார்டும்

பெரிய பூ, நுணுக்கமான வளைவு, சிறிய ஜக்கார்டு ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர மாட்டா. 120 கொக்கிகள் உள்ள ஜக்கார்டில் கொக்கிக்கு ஓர் இழை வீதம் கட்டினால், அங்குலத்துக்கு 60 இழை உள்ள துணியில் பூவின் அகலம் 2 அங்குலமே. 4 அங்குலப் பூ வேண்டும் என்பவருக்கு மூன்று வழிகள் காட்டலாம்.

முதலாவது, 240 கொக்கி உள்ள ஜக்கார்டுக்குப் போவது. வளைவு செவ்வையாக விழும்; கருவிக்கும் அமைப்புக்கும் செலவு கூடும். இரண்டாவது, ஒவ்வொரு கொக்கிக்கும் அடுத்தடுத்த இரண்டு இழைகளைக் கட்டுவது. அகலம் கிடைக்கும், ஆனால் புள்ளிகள் குறைந்த கோலத்தில் வளைவு முறிந்து தெரிவது போலப் பூவின் ஓரம் படிப்படியாகத் தெரியும். மூன்றாவது, பூவின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றையொன்று ஒத்திருக்கும்படி வரைந்து, ஒரு கொக்கியால் இருபுறத்து இழைகளையும் தூக்குவது. நுணுக்கமும் அகலமும் இரண்டுமே கிடைக்கும். தனித்து ஒரு பக்கம் பார்க்கும் மயிலை மட்டும் நெய்ய இயலாது. எதிரெதிராக நிற்கும் இரட்டை மயில் இம்முறைக்கு இசைந்த வடிவம். வாடிக்கைக்காரர் கொண்டுவந்த படத்தில் ஒற்றை மயில் இருந்தால், இரட்டை மயிலை வரைந்து காட்டி, இரண்டின் செலவையும் அருகருகே எழுதிக் காட்டுவது நன்று. பலர் இரட்டை மயிலையே விரும்பி ஏற்பர்.

உயரத்தின் கணக்கு வேறு. பூவின் ஊடை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை வேண்டும். நிலத்துக்கு ஓர் ஊடை, பூவுக்கு ஓர் ஊடை என்று மாறி மாறி எறியும் உபரி ஊடை முறையில், அங்குலத்துக்கு 60 வீதம் 4 அங்குலப் பூவுக்கு 240 அட்டைகள் ஆகும். அந்த 4 அங்குலத்தில் எறிய வேண்டியவை 240-க்குப் பதிலாக 480 ஊடைகள். இங்கே வாடிக்கைக்காரருக்குப் பயன்படும் செய்தி ஒன்றுண்டு. நாடா கரையிலிருந்து கரைக்குப் போகும் இம்முறையில், ஒரு வரிசையில் பூ நான்கு இருந்தாலும் எட்டு இருந்தாலும் எறியும் ஊடையின் எண்ணிக்கை மாறாது. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே விடும் வெற்றிடமே வேலையைக் குறைக்கும். ஆகவே செலவைக் குறைக்க விரும்புபவரிடம், "பூவைச் சிறியதாக்க வேண்டாம், வரிசைகளைச் சற்றுத் தள்ளி வைப்போம்" என்று சொல்லலாம். அட்டை வெட்டும் செலவு ஒரு சேலைக்கும் ஐம்பது சேலைக்கும் ஒன்றே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சேலைக்குப் புதுப்பூ கேட்பவர் அந்தச் செலவு முழுவதையும் தாமே தாங்குகிறார்.

பின்புறத்தைக் காட்டாமல் எந்தப் பூவேலையையும் விற்கலாகாது. பூவுக்கும் பூவுக்கும் நடுவே ஓடும் உபரி இழையை வெட்டிவிட்டால் துணி இலேசாகும். ஆனால் வெட்டிய நுனிகள் நாளடைவில் உதிரும். வெட்டாமல் விட்டால் வளையலிலும் மெட்டியிலும் மாட்டும். ஒவ்வொரு புட்டாவுக்கும் தனித்தனிச் சிறு தார் வைத்துக் கையால் கோத்தால் பின்புறமும் சுத்தமாயிருக்கும், நூலும் வீணாகாது, நாட்கள் மிகுதியாகச் செல்லும். மூன்றில் எது வேண்டும் என்பதை உடுத்துபவரே சொல்லட்டும்.

3. கரையும் உடலும்

அரக்குக் கரையும் மாம்பழ நிற உடலும் கேட்பவர், கரையின் நிறம் கலப்பில்லாமல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். சாதாரண முறையில் உடலின் ஊடையே கரையிலும் ஓடுவதால், அரக்குப் பாவோடு மாம்பழ நிற இழை கலந்து கரை சற்று மங்கும். காஞ்சிபுரத்துக் கோர்வை முறையில் உடலின் ஊடை கரைக்குள் புகாமல், எல்லையில் கரையின் ஊடையோடு கோத்துக்கொள்ளும். இரு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் துணைக்கு மற்றோர் ஆளும் வேண்டியிருக்கிறது. நிறம் தூய்மையாக நிற்கிறது. வேலை மெதுவாக நடக்கிறது. துணை ஆளுக்கும் கூலி உண்டு.

நடுவழியும் இல்லாமற்போகவில்லை. கரையில் சரிகையையோ மற்றோர் இழையையோ உபரிப் பாவாக நெருக்கிக் கட்டினால், கீழே ஓடும் உடல் ஊடையின் நிறம் பெரும்பாலும் மறைந்துவிடும். கோர்வையின் அழகு வராது. ஆனால் கோர்வையின் செலவும் வராது. கரையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலன்றி வாடிக்கைக்காரர் இந்த வேற்றுமையை உணரார். எனவே ஒரு சாண் அளவிலேனும் இவ்விரு வகைத் துணுக்குகளும் சங்கத்தில் எப்போதும் இருத்தல் அவசியம்.

4. சாயம்

வாட் சாயம் சலவைக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஒளிமிக்க சிவப்பு அதில் எளிதில் கிடைப்பதில்லை. நாப்தால் சாயத்தில் எடுப்பான சிவப்பும் அரக்கும் கிடைக்கும்; சரியாகச் சோப்பிட்டு அலசாவிடில் உரசும் இடத்தில் ஒட்டும். 1956-ஆம் ஆண்டு முதல் வணிகத்துக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தி இழையோடு இரசாயன முறையில் பிணைவதால் பளிச்சென்ற நிறமும் சலவை உறுதியும் தருகின்றன. ஆனால் ஒட்டாமல் தங்கிய சாயத்தை நீக்கப் பலமுறை அலச வேண்டும். தண்ணீர்ச் செலவு அதிகம். அவுரி நீலத்தின் அழகு யாவரும் அறிந்தது. அது இழையின் மேற்புறத்திலேயே பெரிதும் தங்குவதால் உரசலில் சிறிது போகும். குறையில்லாச் சாயம் என்று ஒன்றில்லை. எந்தக் குறையோடு வாழலாம் என்பதே கேள்வி.

சொல்லப்பட்ட குறைக்கும் சொல்லப்படாத குறைக்கும் உள்ள வேற்றுமையை விளக்க, சென்னையின் பெயரையே தாங்கி உலகெங்கும் சென்ற மெட்ராஸ் கட்டத்துணியின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. 1958-ஆம் ஆண்டு வில்லியம் ஜேக்கப்ஸன் என்னும் அமெரிக்க வணிகர், கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து 10,000 கெஜம் கட்டத்துணியை வாங்கிச் சென்றார் என்பது வணிக உலகில் பலரும் எடுத்துரைக்கும் செய்தி. குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும். இல்லையேல் சாயம் இறங்கும் என்று விற்றவர் சொல்லியே கொடுத்தார். அந்த எச்சரிக்கை நியூயார்க்கில் சட்டை தைத்து விற்ற கடைக்குப் போய்ச் சேரவில்லை. சட்டை வாங்கியவர்கள் இயந்திரத்தில் போட்டுத் துவைத்தார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. வழக்குத் தொடுப்போம் என்னும் அளவுக்குப் பேச்சு முற்றிற்று. பின்னர் அதே துணி, "சாயம் இறங்கும் என்பது உறுதி" என்னும் விளம்பரத்தோடு விற்கப்பட்டது. துவைக்கத் துவைக்க நிறம் இளகிப் புதுத் தோற்றம் கொள்ளும் துணி என்று மக்கள் அதனைத் தேடி வாங்கினார்கள். 1960-களில் அமெரிக்க இளைஞரிடையே அது பெரும் நாகரிகமாகவே விளங்கிற்று.

துணி மாறவில்லை, சாயம் மாறவில்லை, வாங்குபவருக்குத் தெரிந்திருந்த செய்தி ஒன்றே மாறிற்று. முன்னர் மோசடியாகத் தோன்றிய அதே தன்மை, பின்னர் அத்துணிக்கே உரிய குணமாயிற்று. இதிலிருந்து நாம் இரண்டு படிப்பினைகள் பெறலாம். எச்சரிக்கையை நமக்கு அடுத்த வியாபாரியிடம் சொல்லிவிட்டால் போதாது; கடைசியாக உடுத்துபவர் வரை அது போய்ச் சேரும்படி துணியோடு சீட்டாகத் தைத்து அனுப்ப வேண்டும். அன்றியும், குறையை அலங்காரச் சொற்களால் மூடிவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. சாயம் நிற்கும் என்று நம்பி வெள்ளை உடலில் சிவப்புக் கரை கேட்பவருக்கு அச்சொற்களால் பயன் இல்லை. அவருக்கு உறுதிச் சாயமே கொடுக்க வேண்டும். அதற்குரிய செலவையும் சொல்ல வேண்டும்.

சாயத்தைச் சோதிக்கும் எளிய முறையை ஒவ்வொரு சங்கமும் கைக்கொள்ளலாம். சாயமிட்ட துணுக்கோடு வெள்ளைத் துணி ஒன்றைச் சேர்த்துத் தைத்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் அரைமணி நேரம் அலைத்துக் காயவைத்துப் பார்த்தால் வெள்ளையில் ஏறிய கறை உண்மையைச் சொல்லிவிடும். ஈர வெள்ளைத் துணியால் ஒரு முறையும், உலர்ந்த துணியால் ஒரு முறையும் தேய்த்துப் பார்ப்பதும் நன்று. இத்துணுக்கை வாடிக்கைக்காரர் கண்ணெதிரே வைத்தால் நீண்ட பேச்சு வேண்டியதில்லை.

5. எந்தக் கட்டத்தில் எதை மாற்றலாம்

வாடிக்கைக்காரருக்கும் சங்கத்துக்கும் நேரும் மனத்தாங்கலில் பெரும்பகுதி, நடுவில் கேட்கப்படும் மாற்றத்தால் வருவது. அவர் கண்ணுக்கு நிறம் மாற்றுவதும் அகலம் மாற்றுவதும் ஒன்றே. தறிக்கு அவ்வாறில்லை. ஆதலால் ஆர்டர் எழுதும்போதே பின்வரும் வரிசையை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நூல் சாயப்பட்டறைக்குப் போகுமுன் எல்லாவற்றையும் மாற்றலாம். சாயமிட்டுப் பாவு ஓட்டிய பின், பாவின் நிறமும் நீளமும் கட்டின் வரிசையும் மாறா. விழுதிலும் அச்சிலும் இழை கோத்துத் தறியில் ஏற்றிய பின், அகலமும் பாவின் நெருக்கமும் மாறா. நெசவு தொடங்கிய பின்னரும் ஊடையின் நிறத்தையும் நெருக்கத்தையும், ஜக்கார்டு அமைப்புக்கு உட்பட்ட அளவில் அட்டையை மாற்றிப் பூவின் வடிவத்தையும் மாற்ற முடியும். முதல் சேலை அறுத்து எடுத்த பிறகு வரும் மாற்றம் அடுத்த சேலைக்கே பொருந்தும். இவ்வளவையும் முன்கூட்டியே கேட்டறிந்த வாடிக்கைக்காரர் தம் முடிவுகளை உரிய காலத்தில் செய்வார். கேட்டறியாதவர் பாவு ஏறிய பின் அகலத்தைக் கூட்டச் சொல்லுவார். மறுத்தால் நமக்கு மனமில்லை என்றும் எண்ணுவார்.

6. விட்டுக்கொடுக்கலாகாதவை

எல்லாவற்றையும் விலைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம் என்பதில்லை. தீங்கு விளைக்கும் பொருள்களாகச் சிதையக்கூடிய 112 அசோ சாயங்களை இந்திய அரசு தடை செய்துள்ளது. மலிவு என்பதற்காக அவற்றைத் தொடலாகாது. 2004-இல் தொடங்கிய பட்டு முத்திரையும், 2006-இல் தொடங்கிய கைத்தறி முத்திரையும் வாங்குபவருக்கு நாம் எழுதிக்கொடுத்த வாக்குறுதிகள். செம்பை அடிப்படையாகக் கொண்ட சரிகையை வெள்ளிச் சரிகை என்றும், விசைத்தறித் துணியைக் கைத்தறி என்றும் சொல்லிக் கொடுப்பதைக் கொடுக்கல் வாங்கலாகக் கருத முடியாது; அது பொய். மலிவுச் சரிகை கேட்பவருக்கு மலிவுச் சரிகையைக் கொடுக்கலாம்; அதன் பெயரை மட்டும் மாற்றலாகாது. இவற்றோடு சங்கம் நிர்ணயித்த கூலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேரத்தில் எந்த இனத்தைக் குறைத்தாலும் கூலியைக் கடைசி இனமாகவும் வைக்கலாகாது.

7. சொல்லும் முறை

எதைச் சொல்வது என்பதைப் பார்த்தோம். எப்படிச் சொல்வது என்பதற்கு மாதிரியாக ஒரு சிறு உரையாடலைத் தருகிறோம். ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் சங்கச் செயலாளரிடம் பேசுவதாகக் கொள்க.

கடைக்காரர்: போன முறை கொடுத்த 60-ஆம் நம்பர்ச் சேலையின் விலைக்கே இந்த முறை 80-ஆம் நம்பரில் கொடுங்கள். தீபாவளிக்கு முன் வேண்டும்.

செயலாளர்: உட்காருங்கள், ஐயா. உங்கள் கடைக்கு வருபவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? மென்மையையா, விலையையா?

கடைக்காரர்: கையில் எடுத்ததும் மெத்தென்று இருக்க வேண்டும். விலை ஏறினாலும் கேட்கிறார்கள்.

செயலாளர்: அப்படியானால் இந்த மூன்று துணுக்குகளையும் தொட்டுப் பாருங்கள். இது பழைய சேலை. இது 80-ஆம் நம்பர், அதே நெருக்கம். விலை அதிகம் ஏறாது, ஆனால் இதோ, விரலால் இழுத்தால் இழை விலகுகிறது. இது 80-ஆம் நம்பர், 72 நெருக்கம். இழை விலகாது, ஐந்தில் ஒரு பங்கு வேலை கூடும். தீபாவளிக்குள் நீங்கள் கேட்ட எண்ணிக்கை முழுவதும் வராது.

கடைக்காரர்: இரண்டாவது வேண்டாம், என் பெயர் கெட்டுவிடும். மூன்றாவதில் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறேன். கரையில் சரிகையைக் கொஞ்சம் ஒடுக்கினால் விலை இறங்குமா?

செயலாளர்: இறங்கும். எழுதிக்கொள்வோம்.

இங்கே செயலாளர் செய்தவற்றைக் கவனிக்க வேண்டும். விலையைப் பற்றிப் பேசுமுன் பயனைப் பற்றிக் கேட்டார். "முடியாது" என்ற சொல்லை ஒரு முறையும் சொல்லவில்லை. நெகிழும் துணுக்கை மறைக்கவும் இல்லை. அச்சு, விழுது என்னும் தறிச் சொற்களை விட்டு, விரலால் இழுத்துப் பார்க்கும் மொழியில் பேசினார். சரிகையை ஒடுக்கும் யோசனை கடைக்காரரிடமிருந்தே வந்தது. கணக்கு புரிந்தவுடன் வாடிக்கைக்காரர் நம்மோடு சேர்ந்து வடிவமைக்கத் தொடங்கிவிடுகிறார். சில வேளைகளில் நமக்குத் தோன்றாத வழியும் அவருக்குத் தோன்றும்.

முடிவானவற்றை எழுத்தில் வைப்பது கட்டாயம். நூல் நம்பர், பாவு ஊடை நெருக்கம், சாய வகை, சரிகை வகை, எண்ணிக்கை, நாள் ஆகியவற்றோடு, "இதைப் பெறுவதற்காக இதை விட்டோம்" என்று ஒரு வரியும் இருத்தல் நலம். ஒப்புக்கொண்ட மாதிரித் துணுக்கை இரண்டாக வெட்டி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பாதியை அவரும் மறு பாதியைச் சங்கமும் வைத்துக்கொள்ள வேண்டும். சரக்கு வந்த நாளில் வாதம் எழுந்தால், இரு பாதிகளும் சாட்சி சொல்லும்.

விளக்கம் சொல்பவர் விற்பனையாளராகவும், வேலை செய்பவர் நெசவாளராகவும் இருப்பதால் நேரும் இடைவெளியையும் நிர்வாகக் குழு கவனிக்க வேண்டும். புது வடிவம் பேசப்படும்போது அதனை நெய்யப் போகும் நெசவாளர் ஒருவரேனும் உடனிருக்கட்டும். வடிவம் வரைவதில் ஐயம் எழுந்தால், 1956 முதல் நாட்டில் இயங்கிவரும் நெசவாளர் சேவை மையங்களின் உதவியை நாடலாம். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் அவை உள்ளன.

எல்லாவற்றையும் தருவதாகச் சொல்பவரிடம் வாடிக்கைக்காரர் ஒரு முறை வருவார். எதை விட நேரும் என்று முன்னரே சொன்னவரிடம் மறுமுறையும் வருவார். மறுமுறை வரும் ஆர்டரே தறியை ஆண்டு முழுவதும் ஓடச் செய்வது.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நமது சங்கத்துக்குச் சென்ற ஆண்டு திரும்பி வந்த உருப்படிகள் எவை? அவற்றுள் எத்தனை, முன்கூட்டியே சொல்லியிருந்தால் திரும்பி வந்திரா?

2. 48 அங்குல அகலம், 6 கெஜ நீளம் உள்ள சேலையில் பாவை 60 ஆகவே வைத்து ஊடையை மட்டும் 60-இலிருந்து 66 ஆக்கினால் எத்தனை ஊடைகள் கூடும்? அதற்குரிய கூலி எவ்வளவு கூட வேண்டும்?

3. நமது சங்கத்தில் எப்போதும் இருக்க வேண்டிய மாதிரித் துணுக்குகள் எவை? பட்டியல் ஒன்று தயாரித்து, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் முன் வைக்க.

4. பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர், பஞ்சு வாங்குபவரிடம் தம் இரகத்தின் நிறைகுறைகளை எவ்வாறு எடுத்துச் சொல்லலாம்?